பாஸ்டன்: சிவப்புக் கோடு செல்லாத இடங்கள்

கேள்வி இதுதான்: பாஸ்டன் நகரைப் பற்றி நாம் பள்ளியில் படித்தவை 1773-இல் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டிய நிகழ்ச்சியும் அதன் பின் மூண்ட விடுதலைப் போரும் மட்டுமே, அவற்றைத் தவிர அந்நகரின் வரலாற்றில் அதிகம் பேசப்படாத, ஆனால் அறிந்திருக்க வேண்டிய பகுதிகள் எவை?

பாஸ்டனுக்குச் செல்லும் எவரும் நகரின் நடுவே நடைபாதையில் பதிக்கப்பட்ட ஒரு சிவப்புக் கோட்டைக் காண்பார்கள். 1951-இல் வில்லியம் ஸ்கோஃபீல்ட் என்ற பத்திரிகையாளர் முன்வைத்த யோசனையின்படி உருவான அந்த 'விடுதலைப் பாதை' ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளம் கொண்டது. பழைய சட்டமன்றக் கட்டடம், ஃபேனுயில் மண்டபம், பால் ரிவியரின் வீடு, பங்கர் குன்று என 16 இடங்களை அது இணைக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நகரின் வரலாறு முழுவதும் அந்தக் கோட்டின் மீதே நடந்து முடிந்துவிட்டது என்ற எண்ணத்தையும் அது பார்ப்பவர் மனத்தில் ஏற்படுத்திவிடுகிறது. பீக்கன் குன்றின் சரிவில் கறுப்பின மக்களின் வரலாற்று இடங்களை இணைக்கும் இன்னொரு பாதை இருந்தும், அதில் நடப்பவர்கள் குறைவு.

பேசப்படாத பகுதிகளைப் பற்றி எழுதும்போது ஆவணங்கள் கிடைக்கவில்லை என்று பொதுவாகச் சொல்லிவிடுவது வழக்கம். பாஸ்டனைப் பொறுத்தவரை அது உண்மையன்று. அங்கு உரிமை மறுக்கப்பட்டவர்கள் வாய்மூடி இருந்துவிடவில்லை. சட்டமன்றத்துக்கு மனு எழுதினார்கள், வழக்குத் தொடுத்தார்கள், சாட்சி சொன்னார்கள். அந்தத் தாள்கள் இன்றும் இருக்கின்றன. நகரம் அவற்றைப் பெற்றுக்கொண்டு, சிலவற்றுக்கு இணங்கி, பலவற்றை மறுத்து, பின்னர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட கதையில் அவற்றுக்கு இடம் தராமல் விட்டது. ஆகவே, யார் என்ன கேட்டார்கள், நகரம் என்ன பதில் சொன்னது என்ற வரிசையில் எனக்கு முக்கியமாகப் படும் சிலவற்றை எழுதுகிறேன்.

முதலில் துறைமுகத்தில் உள்ள டீர் தீவு. 1675-இல் வாம்பனோக் தலைவர் மெட்டாகம் என்பவரின் தலைமையில் தொல்குடியினர் ஆங்கிலேயக் குடியேறிகளுக்கு எதிராகப் போரில் இறங்கினர். அதற்கு முன்பே ஜான் எலியட் என்ற பாதிரியாரின் முயற்சியால் நாட்டிக் முதலிய ஊர்களில் கிறித்தவத்தை ஏற்று, ஆங்கிலேயரோடு இணக்கமாக வாழ்ந்து வந்த தொல்குடியினர் இருந்தனர். எலியட் அவர்களுடைய மொழியில் பைபிளை மொழிபெயர்த்து 1663-இல் கேம்பிரிட்ஜில் அச்சிட்டார். வட அமெரிக்க ஆங்கிலேயக் குடியேற்றங்களில் அச்சான முதல் பைபிள் அதுவே. அச்சுக்கூடத்தில் நிப்மக் இனத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பிரிண்டர் என்பவர் வேலை செய்தார். போர் தொடங்கியதும் இந்த இணக்கம் எதற்கும் பயன்படவில்லை. 1675 அக்டோபரில் குடியேற்றத்தின் ஆட்சி மன்றம் நாட்டிக் மக்களைத் தீவுக்கு அனுப்ப ஆணையிட்டது. மாத இறுதியில் சார்ல்ஸ் ஆற்றங்கரையிலிருந்து அவர்கள் படகுகளில் ஏற்றப்பட்டனர். வேறு ஊர்களிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களையும் சேர்த்து ஏறத்தாழ 500 பேர் அந்தக் குளிர்காலத்தைப் போதிய உணவோ விறகோ தங்குமிடமோ இல்லாமல் அங்கே கழித்தனர். பாதிக்கு மேற்பட்டோர் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. எலியட்டும், தொல்குடியினரின் மேற்பார்வையாளராக இருந்த டேனியல் கூக்கினும் அவர்களுக்காகப் பேசினார்கள். அதற்காக அவர்களே ஊராரின் வெறுப்புக்கு ஆளானார்கள்.

அதே 1675-இல் துப்பாக்கி ஏந்திய காவலர் துணையின்றித் தொல்குடியினர் எவரும் பாஸ்டன் நகருக்குள் நுழையக் கூடாது என்று ஒரு சட்டம் இயற்றப்பட்டது. நடைமுறையில் எப்போதோ செயலற்றுப்போன அச்சட்டம், ஏட்டில் 2005 வரை நீடித்தது. தொல்குடியினரின் வற்புறுத்தலுக்குப் பிறகே அது முறைப்படி நீக்கப்பட்டது. டீர் தீவின் கதை அத்துடன் முடியவும் இல்லை. அயர்லாந்தின் பெரும் பஞ்சத்திலிருந்து தப்பி வந்தவர்களை 1847 முதல் நகரம் அதே தீவில் தனிமைப்படுத்தி வைத்தது. காய்ச்சலால் நூற்றுக்கணக்கானோர் அங்கேயே இறந்து புதைக்கப்பட்டனர். பிறகு அங்குச் சிறைச்சாலை எழுந்தது. இப்போது 12 முட்டை வடிவக் கலன்களோடு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் நிற்கிறது. விமானத்தில் இறங்கும்போது அவை தெளிவாகத் தெரியும். நகரம் தனக்கு வேண்டாதவற்றை எல்லாம் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரே தீவுக்கு அனுப்பி வந்திருக்கிறது என்பதை அங்குள்ள நினைவுச் சின்னங்களைத் தேடிச் செல்பவர்கள் மட்டுமே உணர முடியும்.

அடுத்தது 1721. அந்த ஆண்டு ஏப்ரலில் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த சீஹார்ஸ் என்ற கப்பல் வழியாகப் பெரியம்மை பாஸ்டனுக்குள் நுழைந்தது. ஏறத்தாழ 11,000 பேர் வாழ்ந்த ஊரில் கிட்டத்தட்ட 6,000 பேருக்கு நோய் கண்டது. 844 பேர் இறந்தனர். காட்டன் மேதர் என்ற புகழ்பெற்ற பாதிரியார், அம்மைக் கொப்புளத்தின் சீழைச் சிறிதளவு எடுத்து நலமாக இருப்பவரின் தோலைக் கீறி ஏற்றினால், நோய் மெலிதாக வந்து நீங்கும், பிறகு வாழ்நாள் முழுவதும் தாக்காது என்று மருத்துவர்களுக்கு எழுதினார். இதை அவருக்குச் சொன்னவர் ஒனெசிமஸ். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்ட அவரை, மேதரின் சபையினர் 1706-இல் விலைக்கு வாங்கி மேதருக்குப் பரிசாகக் கொடுத்திருந்தனர். தன் சொந்த நாட்டில் இம்முறை வழக்கத்தில் இருந்ததையும், தனக்கே அது செய்யப்பட்டதையும் ஒனெசிமஸ் தழும்பைக் காட்டி விளக்கினார். மேதர் 1716-லேயே லண்டன் ராயல் சொசைட்டிக்கு இதைப் பற்றிக் கடிதம் எழுதியிருந்தார்.

மேதரின் வேண்டுகோளை ஏற்ற ஒரே மருத்துவர் ஜாப்டியேல் பாய்ல்ஸ்டன். 1721 ஜூன் 26 அன்று தன் ஆறு வயது மகனுக்கும், தன் வீட்டில் அடிமைகளாக இருந்த ஓர் ஆணுக்கும் அவருடைய சிறு மகனுக்கும் அவர் அம்மை ஏற்றினார். அந்த இருவரிடமும் சம்மதம் கேட்கப்பட்டிருக்க வாய்ப்பில்லை என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். ஊர் கொதித்தது. பட்டம் பெற்ற மருத்துவரான வில்லியம் டக்ளஸ் கடுமையாக எதிர்த்தார். ஆப்பிரிக்க அடிமைகளின் பேச்சை நம்பி மருத்துவம் செய்வதா என்பதும் எதிர்ப்பாளர்களின் வாதங்களுள் ஒன்றாக இருந்தது. நவம்பரில் மேதரின் வீட்டுச் சாளரத்தின் வழியே வெடிகுண்டு ஒன்று வீசப்பட்டது; அது வெடிக்கவில்லை. முடிவில் கணக்கு தெளிவாக இருந்தது: பாய்ல்ஸ்டன் அம்மை ஏற்றிய 240-க்கும் மேற்பட்டவர்களில் இறந்தவர்கள் 6 பேர், அதாவது நூற்றுக்கு இரண்டு அல்லது மூன்று, இயல்பாக நோய் கண்டவர்களில் இறந்தவர்கள் நூற்றுக்கு 14 பேர். எண்களை வைத்து ஒரு மருத்துவ முறையைச் சோதித்த மிகத் தொடக்க கால முயற்சிகளுள் இது ஒன்று. பாய்ல்ஸ்டன் லண்டனுக்கு அழைக்கப்பட்டு ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். அவர் குடும்பப் பெயரில் பாஸ்டனில் தெரு இருக்கிறது. ஒனெசிமஸ் 1716-லேயே, தனக்குப் பதிலாக வேறோர் அடிமையை வாங்குவதற்குப் பணம் கொடுத்துப் பகுதி விடுதலை பெற்றிருந்தார். அதன் பின் அவர் எப்படி வாழ்ந்தார் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை.

தமிழ் வாசகர்களுக்கு இங்கே ஒரு தொடர்பைச் சொல்ல வேண்டும். இதே காட்டன் மேதர் தரங்கம்பாடியில் இருந்த சீகன்பால்குவோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தார். அந்தக் கடிதங்கள் அம்மை பரவிய அதே 1721-இல் பாஸ்டனில் அச்சாயின. தரங்கம்பாடியில் என்ன நடக்கிறது என்று உலகின் மறுகோடியிலிருந்து ஆர்வத்தோடு விசாரித்த ஒருவர், தன் வீட்டில் இருந்த மனிதரைத் தன் உடைமையாகவே வைத்திருந்தார்.

மாசசூசெட்ஸில் அடிமை முறையே பெரிதாக இருந்ததில்லை என்ற எண்ணம் அமெரிக்கர்களிடையேகூட இருக்கிறது. அதை மாற்றும் ஆவணம் பெலிண்டா சட்டனின் மனு. பாஸ்டனை ஒட்டிய மெட்ஃபோர்டில் ஐசக் ராயல் என்ற பெரும் செல்வரின் மாளிகை இருந்தது. அவர் குடும்பத்தின் செல்வம் ஆன்டிகுவா தீவின் கரும்புத் தோட்டங்களிலிருந்து வந்தது. தோட்டத்தில் உழைத்தவர்கள் அடிமைகள், மெட்ஃபோர்ட் மாளிகையில் உழைத்தவர்களும் அடிமைகளே. போர் தொடங்கிய 1775-இல், மன்னருக்கு விசுவாசமாக இருந்த ராயல் ஊரை விட்டு ஓடினார். பின்னர் அவர் சொத்தை அரசு எடுத்துக்கொண்டது. அந்த வீட்டில் அரை நூற்றாண்டு உழைத்த பெலிண்டா, 1783 பிப்ரவரியில், ஏறத்தாழ 70 வயதில், மாசசூசெட்ஸ் சட்டமன்றத்துக்கு மனு கொடுத்தார். ஆப்பிரிக்காவில் வோல்டா ஆற்றங்கரையில், பன்னிரண்டு வயது நிரம்பும் முன் தான் பிடித்துச் செல்லப்பட்டதை அந்த மனு விரிவாகச் சொல்கிறது. ராயலின் செல்வத்தில் ஒரு பகுதி தன் உழைப்பால் சேர்ந்தது, ஆகவே அந்தச் சொத்திலிருந்து தனக்கும் நோயுற்ற தன் மகளுக்கும் பராமரிப்புத் தொகை வேண்டும் என்று கேட்கிறது. எழுத்தறியாத அவர் கையெழுத்துக்குப் பதிலாக ஒரு குறியிட்டிருக்கிறார்.

எனக்கு இந்த மனு தேயிலை நிகழ்ச்சியைவிட முக்கியமாகப் படுவதற்குக் காரணம் அதன் வாதத்தின் கூர்மை. கருணை வேண்டிப் பலர் மனு கொடுத்திருக்கிறார்கள். பெலிண்டா கேட்டது கணக்கு. உழைத்தவருக்கு அந்த உழைப்பால் விளைந்ததில் பங்கு உண்டு என்பதைப் புதிய குடியரசின் சட்டமன்றம் ஏற்றுக்கொண்டு, ஆண்டுக்கு 15 பவுண்டு 12 ஷில்லிங் கொடுக்க ஆணையிட்டது. ஆனால் முதல் ஆண்டுக்குப் பிறகு பணம் நின்றுவிட்டது. 1787 முதல் 1793 வரை அவர் மீண்டும் மீண்டும் மனு கொடுக்க வேண்டியிருந்தது. ராயல் தன் உயிலில் விட்டுச்சென்ற நிலத்தின் வருவாயிலிருந்துதான் ஹார்வர்டில் முதல் சட்டப் பேராசிரியர் பதவி 1815-இல் அமைக்கப்பட்டது; அதைத் தொடர்ந்து 1817-இல் சட்டப் பள்ளி தொடங்கியது. ராயல் குடும்பத்தின் மூன்று கோதுமைக் கதிர்க்கட்டுச் சின்னம் சட்டப் பள்ளியின் கேடயத்தில் இருந்தது. மாணவர்களின் போராட்டத்துக்குப் பின் 2016-இல் அது கைவிடப்பட்டது. மெட்ஃபோர்டில் ராயல் மாளிகையும், அதன் அருகே அடிமைகள் வாழ்ந்த கட்டடமும் அருங்காட்சியகமாக இருக்கின்றன.

பீக்கன் குன்றின் வடக்குச் சரிவில் 19-ஆம் நூற்றாண்டில் ஒரு வலுவான கறுப்பினச் சமூகம் இருந்தது. 1806-இல் அவர்கள் கட்டிய கூட்ட மண்டபம் இன்றும் நிற்கிறது. அதன் அருகே ஏபியெல் ஸ்மித் என்ற வணிகர் உயிலில் எழுதிய பணத்தால் கட்டப்பட்ட பள்ளி 1835-இல் திறக்கப்பட்டது. கறுப்பினக் குழந்தைகள் வெள்ளையர் பள்ளிகளில் அவமதிக்கப்பட்டதால், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர்களுடைய பெற்றோரே தனிப் பள்ளி கேட்டிருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அடுத்த தலைமுறை அந்தத் தனிப் பள்ளியே தங்களைத் தாழ்த்தி வைக்கும் கருவியாகிவிட்டது என்று கண்டது. அத்தலைமுறையைச் சேர்ந்த வில்லியம் கூப்பர் நெல் மனுக்களுக்குக் கையெழுத்துத் திரட்டினார். பெற்றோர் பள்ளியைப் புறக்கணித்தனர். நகரப் பள்ளிக் குழு அசையவில்லை.

பெஞ்சமின் ராபர்ட்ஸ் என்ற அச்சகரின் மகள் சாராவுக்கு அப்போது ஐந்து வயது. ஸ்மித் பள்ளிக்குச் செல்லும் வழியில் அவள் ஐந்து வெள்ளையர் பள்ளிகளைக் கடந்து நடக்க வேண்டும். அருகில் உள்ள பள்ளியில் அவளைச் சேர்க்க மறுத்ததால், சட்டத்துக்குப் புறம்பாகப் பள்ளியிலிருந்து விலக்கப்படும் குழந்தை இழப்பீடு கோரலாம் என்ற 1845-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்த் தந்தை வழக்குத் தொடுத்தார். நாட்டின் முதல் கறுப்பின வழக்கறிஞர்களுள் ஒருவரான ராபர்ட் மாரிஸ் வழக்கை நடத்தினார். மாநில உச்ச நீதிமன்றத்தில் 1849 டிசம்பரில் அடிமை முறையை எதிர்த்த வழக்கறிஞர் சார்ல்ஸ் சம்னர் அவருடன் சேர்ந்து வாதாடினார். சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்ற கோட்பாட்டை அமெரிக்க நீதிமன்றத்தில் சம்னர் நிலைநாட்ட முயன்றது இங்கேதான். கட்டடமும் பாடமும் ஆசிரியத் தகுதியும் ஒரே தரத்தில் இருந்தாலும், பிரித்து வைப்பதே ஒரு தீங்கு என்று அவர் வாதிட்டார். தலைமை நீதிபதி லெமுவல் ஷா ஏற்கவில்லை. பள்ளிகளைப் பிரிக்கும் அதிகாரம் குழுவுக்கு உண்டு. இனம் பற்றிய தப்பெண்ணம் என ஒன்று இருக்குமானால் அதைச் சட்டம் உருவாக்கவில்லை, சட்டத்தால் அநேகமாக மாற்றவும் முடியாது என்பது அவர் தீர்ப்பின் சாரம்.

அத்தீர்ப்பு பாஸ்டனோடு நிற்கவில்லை. 1896-இல் தென்மாநில ரயில் பெட்டிகளில் இனப் பிரிவினை செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிளெஸ்ஸி வழக்கில் தீர்ப்பளித்தபோது, முன்னுதாரணமாக இதைக் காட்டியது. அடிமை ஒழிப்பின் தலைநகரம் என்று பெயர் பெற்ற நகரில் எழுதப்பட்ட தீர்ப்பு, அரை நூற்றாண்டுக்குப் பிறகு நாடு முழுவதும் பிரிவினைக்கு அரணானது. அதே வேளையில் பாஸ்டனின் கறுப்பின மக்கள் தோல்வியை ஏற்று ஓய்ந்துவிடவும் இல்லை. நெல்லும் மற்றவர்களும் சட்டமன்றத்துக்கு மனுக்களைத் தொடர்ந்து அனுப்பினர். 1855-இல் மாசசூசெட்ஸ் சட்டமன்றம் அரசுப் பள்ளிகளில் நிறம், இனம், மதம் காரணமாக எவரையும் விலக்கக் கூடாது என்று சட்டம் இயற்றியது.

இந்தச் சட்டத்தை இயற்றிய சட்டமன்றம் எது என்பது வரலாற்றின் சிக்கலைக் காட்டுகிறது. 1854 தேர்தலில் கத்தோலிக்கருக்கும் குடியேறிகளுக்கும் எதிரான 'ஒன்றும் அறியோம்' கட்சி மாசசூசெட்ஸில் கிட்டத்தட்ட எல்லா இடங்களையும் கைப்பற்றியது. கறுப்பினக் குழந்தைகளுக்குப் பள்ளிக் கதவைத் திறந்த அதே உறுப்பினர்கள், கத்தோலிக்கக் கன்னியர் மடங்களைச் சோதனையிட ஒரு குழுவையும் அமைத்தார்கள். அயர்லாந்துக்காரர் மீதான பகை அங்கே பழையது. 1834 ஆகஸ்ட் 11 இரவில், பாஸ்டனுக்கு எதிர்க்கரையில் சார்ல்ஸ்டவுனில் இருந்த உர்சுலைன் கன்னியர் மடத்தையும் அதன் பெண்கள் பள்ளியையும் ஒரு கூட்டம் சூறையாடி எரித்தது. ஒரு கன்னியர் உள்ளே அடைத்து வைக்கப்பட்டிருக்கிறார் என்ற வதந்தியே காரணம். பள்ளியில் படித்தவர்களில் பெரும்பாலோர் வசதியான சீர்திருத்தச் சபைக் குடும்பத்துப் பெண்கள். தீயணைப்புப் படையினர் வந்தும் தடுக்கவில்லை. கைதானவர்களில் தண்டனை பெற்றவன் ஒரு பதின்ம வயதுச் சிறுவன் மட்டுமே; அவனும் மன்னிக்கப்பட்டான். இழப்பீடு கேட்டு ஆண்டுக்கணக்கில் வந்த மனுக்களைச் சட்டமன்றம் தள்ளுபடி செய்தது.

நம் ஊரோடு நேரடியாகத் தொடர்புடைய இன்னொரு பகுதி பனிக்கட்டி வணிகம். பாஸ்டன்காரரான ஃபிரெடரிக் டியூடர் 1806-இல் முதன்முறையாக மார்டினிக் தீவுக்கு ஒரு கப்பல் பனிக்கட்டி அனுப்பினார். பலர் அவரைப் பைத்தியக்காரர் என்றார்கள், கடனால் அவர் சிறைக்கும் சென்றார். கேம்பிரிட்ஜின் ஃபிரெஷ் பாண்ட் முதலிய ஏரிகளில் குளிர்காலத்தில் உறையும் பனியை, நதானியேல் வயத் வடிவமைத்த குதிரை பூட்டிய பனிக்கலப்பையால் சீரான கட்டிகளாக வெட்டி, மரத்தூளில் பொதிந்து அனுப்பும் முறை உருவான பின் வணிகம் பெருகியது. 1833 மே மாதம் டஸ்கனி என்ற கப்பல் 180 டன் பனியோடு கல்கத்தாவுக்குப் புறப்பட்டு, நான்கு மாதங்களுக்குப் பின் செப்டம்பரில் ஏறத்தாழ 100 டன்னைக் கொண்டு சேர்த்தது. சென்னைக் கடற்கரையில் 1842 வாக்கில் கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸ் இந்த வணிகத்தின் கிடங்குதான். செயற்கைப் பனிக்கட்டி வந்ததும் தொழில் நசிந்தது; கட்டடத்தை வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் வாங்கினார்; 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் அங்கே தங்கினார். சிகாகோவில் பேசுவதற்கு முன் 1893-இல் அவர் பாஸ்டன் அருகே தங்கியிருந்தபோதுதான் ஹார்வர்டு பேராசிரியர் ஜான் ஹென்றி ரைட்டின் அறிமுகம் அவருக்குக் கிடைத்தது. பனி வணிகத்தைப் பற்றி எழுதுபவர்கள் டியூடரின் விடாமுயற்சியையே வியக்கிறார்கள். உறைந்த ஏரியின் மீது நாள் முழுவதும் நின்று பனி வெட்டியவர்களுள் மடத்தை எரித்த கூட்டம் வெறுத்த அதே அயர்லாந்துத் தொழிலாளர்களும் இருந்தார்கள் என்பது அந்த வியப்பில் மறைந்துவிடுகிறது.

1919-ஆம் ஆண்டு மொலாசஸ் வெள்ளம் ஓரளவு அறியப்பட்டதுதான். ஆனால் விந்தைச் செய்தியாகவே அறியப்பட்டிருக்கிறது என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கரும் பாகான மொலாசஸுக்கும் பாஸ்டனுக்கும் உள்ள உறவு பழையது. மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைத் தோட்டங்களிலிருந்து வந்த பாகிலிருந்துதான் அங்கே ரம் வடித்தார்கள். அதன் மீது போடப்பட்ட வரியும் பிரிட்டனோடு மூண்ட பூசலுக்கு ஒரு காரணம். முதல் உலகப் போரில் வெடிமருந்து செய்யத் தொழில்முறை ஆல்கஹால் தேவைப்பட்டதால், யுனைடெட் ஸ்டேட்ஸ் இண்டஸ்ட்ரியல் ஆல்கஹால் நிறுவனத்தின் துணை நிறுவனம் ஒன்று 1915-இல் நார்த் எண்ட் பகுதியின் கமர்ஷியல் தெருவில் 15 மீட்டர் உயரமும் 27 மீட்டர் விட்டமும் உள்ள எஃகுத் தொட்டியை அவசரமாகக் கட்டியது. கட்டுமானத்தை மேற்பார்த்த ஆர்தர் ஜெல் நிதி அலுவலர். பொறியியல் வரைபடத்தைப் படிக்கத் தெரியாதவர். தொட்டியை நீர் நிரப்பிச் சோதிக்கும் வழக்கமான சோதனை முறையாகச் செய்யப்படவில்லை. முதல் நாளிலிருந்தே அது கசிந்தது. அருகில் வாழ்ந்த ஏழைக் குழந்தைகள் கசிந்த பாகைப் பாத்திரங்களில் பிடித்துச் சென்றார்கள். நிறுவனம் செய்தது, கசிவு தெரியாதபடி தொட்டிக்குப் பழுப்பு வண்ணம் பூசியது.

தொட்டி ஏன் அந்த இடத்தில் கட்டப்பட்டது என்பதை யாரும் பொதுவாகக் கேட்பதில்லை. நார்த் எண்ட் அப்போது இத்தாலியக் குடியேறிகள் நெருக்கமாக வாழ்ந்த பகுதி. அவர்களில் பலருக்கு வாக்குரிமை இல்லை, நகர மன்றத்தில் அவர்களுக்காகப் பேச ஆள் இல்லை. 1919 ஜனவரி 15 நண்பகலுக்குச் சற்றுப் பின், ஏறத்தாழ 87 லட்சம் லிட்டர் பாகோடு தொட்டி வெடித்துத் திறந்தது. பாகின் அலை எட்டு மீட்டர் வரை எழுந்து மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்தது; மேல்மட்ட ரயில் பாதையின் தூண்கள் வளைந்தன, தீயணைப்பு நிலையம் அடித்தளத்திலிருந்து பெயர்ந்தது. 21 பேர் இறந்தனர். ஏறத்தாழ 150 பேர் காயமடைந்தனர். இறந்தவர்களில் நகராட்சித் தொழிலாளர்களும், வண்டியோட்டிகளும், தொட்டியருகே நின்ற பத்து வயதுச் சிறுவர் சிறுமியரும் உண்டு. குளிரில் பாகு இறுகியதால் பலரை மீட்கவே முடியவில்லை.

நிறுவனம் அராஜகவாதிகள் குண்டு வைத்துவிட்டதாகச் சொன்னது. இத்தாலியர் மீது அந்தக் காலத்தில் எளிதில் ஒட்டக்கூடிய பழி அது. நூற்றுக்கும் மேற்பட்ட வழக்குகள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டு, ஹ்யூ ஆக்டன் என்ற வழக்கறிஞர் விசாரணை அலுவலராக நியமிக்கப்பட்டார். உலோகவியலாளர்களும் பொறியாளர்களும் வேலையாட்களும் ஆண்டுக்கணக்கில் சாட்சி சொன்னார்கள். தொட்டி தானாகவே உடைந்தது, எஃகுத் தகடுகள் தாங்க வேண்டிய எடைக்குப் போதிய தடிமனில் இல்லை, நிறுவனமே பொறுப்பு என்று 1925-இல் ஆக்டன் முடிவு கூறினார். பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீடு கிடைத்தது. கட்டட வரைபடங்களில் தகுதி பெற்ற பொறியாளர் கையொப்பமிட்டு முத்திரையிட வேண்டும் என்ற விதி மாசசூசெட்ஸில் உறுதிப்பட்டதற்கு இவ்வழக்கு முக்கியக் காரணம். பெரிய நிறுவனம் ஒன்றின் மீது ஏழைக் குடியேறிகள் பெற்ற வெற்றி என்ற வகையில் இதை நகரம் கொண்டாட வேண்டும். அந்த இடத்தில் இருப்பதோ ஒரு பூங்காவின் ஓரத்தில் உள்ள சிறு பலகை.

கடைசியாக, வாழும் மனிதர்களின் நினைவில் இன்னும் இருக்கும் வெஸ்ட் எண்ட். இத்தாலியர், யூதர், போலந்துக்காரர், கறுப்பினத்தவர் எனப் பலரும் அடுத்தடுத்து வாழ்ந்த ஏறத்தாழ 48 ஏக்கர் குடியிருப்பு அது. சேரி அகற்றத்துக்கு மத்திய அரசு நிகரச் செலவில் மூன்றில் இரண்டு பங்கைக் கொடுக்கும் என்ற 1949-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தைப் பயன்படுத்தி, நகரம் அதைச் சேரி என்று அறிவித்தது. 1958 ஏப்ரலில் வெளியேற்ற அறிவிப்புகள் வந்தன. ஏறத்தாழ 2,700 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டு, ஓரிரு ஆண்டுகளில் தெருக்களோடு சேர்த்து எல்லாம் தரைமட்டமாயின. எழுந்தவை வசதி படைத்தவர்களுக்கான அடுக்குமாடிக் கோபுரங்கள். இடிப்புக்குச் சற்று முன் அங்கே குடியிருந்து ஆய்வு செய்த சமூகவியலாளர் ஹெர்பர்ட் கான்ஸ், வீடுகள் பழையவையாக இருந்தாலும் அது சேரியன்று, உறவுகள் நெருக்கமாகப் பின்னிய ஊர் என்று காட்டினார். வெளியேறியவர்களை ஆராய்ந்த உளவியலாளர் மார்க் ஃபிரைடு, அவர்களில் பலருக்கு ஏற்பட்ட துயரம் உறவினரை இழந்தவர்களின் துக்கத்தை ஒத்திருந்ததாகக் கண்டார். லோமஸ்னி வே தெருவில் பழைய வீடு ஒன்று மட்டும் தனியாக மிஞ்சியிருக்கிறது. நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் தலைவர் 2015-இல் முன்னாள் குடியிருப்பாளர்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

வெஸ்ட் எண்டின் அழிவிலிருந்து மற்றப் பகுதிகள் பாடம் கற்றன. சவுத் எண்டில் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த குடும்பங்கள் வாழ்ந்த 'பார்சல் 19' என்ற நிலப்பகுதியை இடிக்க அதே ஆணையம் திட்டமிட்டபோது, குடியிருப்பாளர்கள் 1968-இல் சங்கம் அமைத்து, பார்சல் 19-ஐ விட்டு நாங்கள் போக மாட்டோம் என்று முழங்கினார்கள். எதிர்ப்பதோடு நிற்காமல் கட்டடக் கலைஞர் ஜான் ஷாரட்டின் உதவியுடன் தங்கள் வரைபடத்தைத் தாங்களே தயாரித்து முன்வைத்தார்கள். 1969-இல் ஆணையம் அந்தச் சங்கத்தையே கட்டுமானப் பொறுப்பாளராக ஏற்றது. சொந்த ஊரின் சதுக்கத்தை நினைவூட்டும் நடுமுற்றத்தோடு வில்லா விக்டோரியா என்ற குடியிருப்பு 1970-களில் எழுந்தது. ராக்ஸ்பரியில் டட்லி தெரு மக்கள் 1984-இல் அமைத்த அமைப்பு இன்னும் ஒருபடி மேலே சென்று, தனியார் விட்டுச்சென்ற தரிசு மனைகளைக் கட்டாயமாகக் கையகப்படுத்தும் அதிகாரத்தையே 1988-இல் நகரத்திடமிருந்து பெற்றது. அமெரிக்காவில் ஒரு குடியிருப்போர் அமைப்புக்கு அந்த அதிகாரம் கிடைத்தது அதுவே முதன்முறை. அப்படிப் பெற்ற நிலம் இன்று ஒரு நில அறக்கட்டளையின் பெயரில் இருக்கிறது. அதில் கட்டிய வீடுகளை வாங்கியவர்கள் லாபத்துக்காகச் சந்தை விலையில் விற்க முடியாது, அதனால் அடுத்து வரும் எளிய குடும்பமும் அங்கே வீடு வாங்க முடிகிறது.